200 தையல் இருக்கு... தைக்கப் போறது ஆறுதான்!

தீபாவளிக்கு எடுத்த சுடிதார் மெட்டீரியல் பொங்கல் முடிஞ்சும் டெய்லர் கடை மூட்டையில தூங்குதா? 'நாளைக்கு வாம்மா'ன்னு கேட்டுக் கேட்டே காது புளிச்சுப் போச்சா? இந்தக் கடுப்பில்தான் கேம்பஸ் மக்கள் பலருக்கும் அந்த ஐடியா பளிச்சிடுகிறது. 'பேசாம நாமளே தச்சுக்கிட்டா என்ன?' முதல் வாரம் யூ-டியூபில் பிளவுஸ் கட்டிங். அடுத்த வாரம் அப்பாவிடம் அப்ளிகேஷன். 'கம்ப்யூட்டர் தையல் மிஷின் வாங்கித் தாங்கப்பா!'

(பசங்களும் படிக்கலாம், வெட்கப்பட வேண்டாம். ஊர்ல முக்கால்வாசி டெய்லர் கடையில மிஷின் மிதிக்கிறது யாருங்கறீங்க?)

அந்த அப்ளிகேஷன் சாங்ஷன் ஆவதற்குள் கொஞ்சம் பேசிடுவோம். ஏன்னா, இந்த மிஷின்கள் முப்பதாயிரம் ரூபாய் பக்கத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகின்றன. பல வீடுகளில் அது ஒரு செமஸ்டர் ஃபீஸ்.

கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?

பாட்டி காலத்து கறுப்பு கால் மிஷினுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். நேர்த் தையல். அப்புறம் வந்த ஜிக்ஜாக் மிஷின்களில், உள்ளே இருக்கும் கேம் சக்கரங்கள் சுழன்று ஊசியை இடமும் வலமும் தள்ளும். எத்தனை கேமோ அத்தனை டிசைன். கம்ப்யூட்டரைஸ்டு மிஷினில் அந்த வேலையை ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் ஸ்டெப்பர் மோட்டார்களும் செய்கின்றன. ஊசி எவ்வளவு நகரணும், துணி எவ்வளவு தள்ளணும் எல்லாமே மெமரியில் பதிவாகியிருக்கும். ஜப்பானின் ஜனோமி கம்பெனி 1979-ல் கொண்டுவந்த 'மெமரி 7' தான் வீட்டு உபயோகத்துக்கான முதல் கம்ப்யூட்டர் தையல் மிஷின் என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவு பண்ணிடணும். நம்ம ஊரில் 'கம்ப்யூட்டர் மிஷின்' என்றாலே, பட்டனைத் தட்டினால் பிளவுஸ் முதுகில் மயில் விழும் என்று நினைப்பு. அது எம்பிராய்டரி மிஷின், வேற ஜாதி! டிசைன் ஃபைலைப் படித்து, துணி மாட்டிய ஃப்ரேமைத் தானே நகர்த்தித் தைக்கிற யூனிட் அதில் தனியாக இருக்கும். நாம பேசுகிற மிஷினில் துணியை நீங்கதான் நகர்த்தணும். ரெண்டும் சேர்ந்த காம்போ மாடல்களும் உண்டு. ஆனால் ஆரம்ப நிலை காம்போக்களில் ஃப்ரேம் பெரும்பாலும் 10 செ.மீ.க்கு 10 செ.மீ.தான். பேக் நெக் முழுக்க டிசைன் வேணும்னா துணியைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

சரி, அந்த 60, 100, 200 தையல்?

கடையில் முதலில் காட்டுவது அதைத்தான். பூ, இலை, வாத்து, இதயம்... ஸ்கிரீனில் பார்க்க செம ஜோராக இருக்கும். ஆனால் துணி தைக்கிற ஆளுக்குத் தேவைப்படுவது எது தெரியுமா? நேர்த் தையல், ஜிக்ஜாக், ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்காஸ்ட், டி-ஷர்ட் துணிக்கு ஸ்ட்ரெச் தையல், வெளியே நூல் தெரியாத பிளைண்ட் ஹெம், காஜா. இவ்வளவுதான், ஆறு! மீதியெல்லாம் முதல் வாரம் கைக்குட்டையில் தைத்து ஃப்ரெண்ட்ஸிடம் காட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். ஓவர்காஸ்ட் இருக்கே, ஓவர்லாக் மிஷினே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்து வையுங்கள். ஓவர்லாக் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். இது தைக்க மட்டும்தான் செய்யும்.

அப்போ கம்ப்யூட்டருக்கு ஏன் காசு கொடுக்கணும்? நியாயமான காரணங்கள் இருக்கு. மெதுவாக ஓட்டினாலும் ஊசி முழு பலத்தோடு இறங்கும். காலர் முனையில் ஒரு ஒரு தையலாகப் போகும்போது இது கைகொடுக்கும். வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கிற ஸ்லைடர் இருப்பதால் புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மிஷின் பிய்த்துக்கொண்டு ஓடாது. நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கும்படி செட் செய்யலாம். நெக் வளைவில் துணியைத் திருப்ப இதைவிட வசதி கிடையாது. எல்லாத்துக்கும் மேலே காஜா. பட்டனை ஃபுட்டின் பின்னால் செருகிவிட்டால், அந்த அளவுக்கே ஒரே மாதிரி காஜா வரிசையாக வந்து விழும். சட்டை, குர்த்தா தைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம் என்பது என் கட்சி. பிளவுஸ் மட்டும்தான் தைப்பேன், கொக்கிதான் வைப்பேன் என்கிறவர்களுக்கு? மோட்டார் வைத்த சாதாரண மிஷினே தாராளம் பாஸ்!

கையில கட்பீஸ் இருக்கா?

ஷோரூமில் டெமோ காட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? மொறுமொறுவென்று இருக்கும் ரெண்டு அடுக்கு காட்டன் துணியைத்தான் வைப்பார்கள். அதில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். நீங்க உங்க துணியை எடுத்துட்டுப் போங்க. பழைய ஜீன்ஸ் கால் ஒன்று, டி-ஷர்ட் ஒன்று, அம்மா பீரோவில் ஜார்ஜெட் துண்டு ஒன்று, லைனிங் துணி கொஞ்சம். சங்கடப்படாதீங்க, காசு கொடுக்கப் போறது நாமதானே?

முதலில் ஜார்ஜெட். மெல்லிய துணிக்கு 9 அல்லது 11-ம் நம்பர் ஊசி போடச் சொல்லுங்கள். அகலமான ஜிக்ஜாக் தைக்கிற மிஷின்களில் ஊசித் தட்டின் ஓட்டையும் அகலமாக இருக்கும். அதனால் தையலைத் துவங்கும்போதே மெல்லிய துணியை உள்ளே முழுங்கிவிடும். ஊசியை இடது ஓரத்துக்கு நகர்த்தினாலோ, அடியில் ஒரு மெல்லிய பேப்பர் வைத்துத் தைத்தாலோ சமாளிக்கலாம். நேர்த் தையலுக்கென்றே சின்ன ஓட்டை போட்ட தட்டு அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைத்து முடித்த பிறகும் சுருக்கம் விழுந்தால் டென்ஷனை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து டி-ஷர்ட் துணி. இதற்கு முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி வேணும். சாதாரண ஊசி போட்டுவிட்டு 'தையல் விட்டு விட்டு விழுது, மிஷின் சரியில்லை'ன்னு முடிவு கட்டுவது தப்பு. ஸ்ட்ரெச் தையலில் ஒரு கோடு தைத்து, ரெண்டு கையாலும் நல்லா இழுங்க. நூல் அறுந்தால் ஊசி, நூல், டென்ஷன் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள்.

கடைசியில் ஜீன்ஸ். கீழ் மடிப்பில் பக்கத் தையல் சேரும் இடம் இருக்கே, அங்கே துணி அடுக்கடுக்காக மலை மாதிரி ஏறும். 16-ம் நம்பர் ஊசி போட்டு, அந்த மலையை மெதுவாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். முக்கினாலோ, தையல் குட்டையானாலோ தெரிந்துவிடும். அப்படியே அதே துணியில் ஒரு காஜா. ரெண்டு பக்கமும் ஒரே நெருக்கமாக விழுந்திருக்கா பாருங்க. இந்த மூன்று துணியையும் நீங்களே உட்கார்ந்து தைத்துப் பார்க்கணும். டெமோ காட்டுகிறவர் கை பல வருஷம் பழகின கை!

சம்பாதிச்சு அடைச்சிடுவேன்ப்பா...

அப்பாவிடம் வைக்கிற கடைசி ஆயுதம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மிஷின் 35,000 ரூபாய். நூல், லைனிங் எல்லாம் போக ஒரு பிளவுஸுக்கு 200 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 175 பிளவுஸ்! சனி, ஞாயிறில் ரெண்டு தைத்தாலும் ஒரு வருஷம் எட்டு மாசம் ஆகும். டிகிரி பாதிக்கு மேல் ஓடிவிடும். அதிலும் இன்டர்னல், செமஸ்டர் எல்லாம் வந்தால் எந்த பிளவுஸ் நகரும்? முடியாதுன்னு சொல்லலை, இந்தக் கணக்கை அப்பா போடுறதுக்கு முன்னாடி நீங்க போட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொன்று. இந்த வீட்டு மிஷின்களின் வேகம் நிமிஷத்துக்கு 700-லிருந்து 1,000 தையல் வரை. கார்மென்ட் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் 4,000, 5,000 என்று பறக்கும். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது அது. ஆர்டர் குவிந்துவிட்டது என்று வீட்டு மிஷினைக் காலையிலிருந்து ராத்திரி வரை விரட்டினால் பாவம், தாங்காது. வாரன்ட்டி கார்டைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற பிளான் இருந்தால், பில் போடுவதற்கு முன்பே அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுங்கள்.

அமெரிக்க அத்தை அனுப்பினா?

'அங்க ரேட் கம்மி, வரும்போது ஒண்ணு தூக்கிட்டு வரேன்' என்று எந்த அத்தையாவது சொன்னால், ஒரு நிமிஷம்! அமெரிக்காவில் வீட்டு கரன்ட் 120 வோல்ட். நம்ம வீட்டில் 230 வோல்ட். அங்கத்திய மிஷினை அப்படியே இங்கே பிளக்கில் சொருகினால் போர்டு புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்ட்டி செல்லுமா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடணும். லக்கேஜில் வரும்போது அடி படாமல் இருக்கணும் என்பது தனிக் கவலை.

இங்கே வாங்கினாலும் போர்டுதான் இதன் உயிர். வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஏரியா என்றால் ஸ்டெபிலைசர் வைத்துவிடுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். கால் மிஷினில் வார் அறுந்தால் தெருமுனை மெக்கானிக் பத்து நிமிஷத்தில் மாட்டிவிடுவார். இதில் போர்டு போனால் அவர் கையைப் பிசைவார். அதனால், உங்க ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா, இல்லை மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ பார்சல் போகணுமா என்பதை வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பழைய மிஷினைப் பார்த்த பாசத்தில் பாட்டி எண்ணெய்க் கேனோடு வருவார். தடுத்துவிடுங்கள்! பெரும்பாலான மாடல்களில் நாம் எண்ணெய் விட வேண்டியதில்லை. மேனுவலில் சொல்லியிருந்தால் மட்டும், சொன்ன இடத்தில் மட்டும். பாபின் கூட்டுக்கு அடியில் சேரும் பஞ்சைத்தான் அடிக்கடி பிரஷ்ஷால் எடுக்கணும். பாபினும் அப்படித்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று பாட்டி டப்பாவிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். உயரத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் அடி நூல் சிக்கும். பில் போடும்போதே அந்த மாடலுக்கான பாபின் ஒரு டஜன், 11, 14, 16-ல் ஊசி பாக்கெட் ஒவ்வொன்று, பால்பாயின்ட் ஒரு பாக்கெட்... எல்லாத்தையும் அதே கடையில் பேரம் பேசி வாங்கிக்கோங்க!