மாப்பிள்ளை தேட எத்தனை வெள்ளி?

பெற்றோர்களே! பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். வரன் தேடும் வழியும் மாறிவிட்டது.

தரகருக்குத் தரகு உண்டு. இரு வீட்டையும் நேரில் அறிந்தவர் என்றால் அந்தக் காசு வீணல்ல. பாரத் மேட்ரிமோனியில் பெயர் பதிவது இலவசம்; தொலைபேசி எண்ணைப் பார்க்கத்தான் கட்டணம். டிண்டரில் இருவரும் விரும்பினால் பேசுவதுகூட இலவசம். ஆனால், வருகிறவர் எல்லாரும் கல்யாணத்துக்காக வருவதில்லை.

எதற்குக் கட்டினாலும் கிடைப்பது விலாசம்தான், குணம் அல்ல. வேலையிடம், குடும்பம், முன்மணம் மூன்றையும் நேரில் விசாரியுங்கள். முகம் பாராதவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே மோசடித் தடுப்பு எண் 997ஐ அழையுங்கள்.

1982 மார்ச் 1 முதல் நம் கல்யாணங்களுக்குச் சட்டப்படி பதிவு கட்டாயம். தாலி ஏறுமுன் பதிவு முடியட்டும்!