நான்கு துளைகளுக்காக ஓர் ஆண்டு

எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று ஆண்டு பொது அறுவை சிகிச்சை படித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு எம்.சிஎச். போன்ற உயர்சிறப்புப் படிப்பையும் முடித்தால்தான் நம் நாட்டில் ரத்தநாள அறுவை மருத்துவர். அதற்குள் முப்பது வயது தாண்டிவிடும். அதன் பிறகும் சிலர் 'ஃபெலோஷிப்' என்று இன்னோர் ஆண்டு பயிற்சிக்குப் பெட்டி கட்டுகிறார்கள். இத்தனை படித்தும் போதாதா?

உடலின் மிகப் பெரிய ரத்தநாளமான மகாதமனியிடம் கேட்டால் போதாது என்றுதான் சொல்லும். வயிற்றில் அதன் குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். சுவர் நைந்துபோனால் அங்கே வீங்கத் தொடங்கும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் பொதுவாகச் சரிசெய்துவிடச் சொல்வார்கள். வெடித்துவிட்டால் பலர் மருத்துவமனை வாசலைக்கூடப் பார்ப்பதில்லை.

நெடுங்காலம் வயிற்றைத் திறப்பதே வழியாக இருந்தது. 1990 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர், தொடை இடுக்கின் தமனி வழியாகத் துணிக்குழாய் ஒன்றைச் செலுத்தி, வீங்கிய இடத்துக்கு உள்ளிருந்தே கவசம் போட்டார். இன்று இது பரவலான சிகிச்சை.

வீக்கம் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலேயும் ஏறியிருந்தால்தான் சிக்கல். இரண்டு சிறுநீரகங்கள், குடல், கல்லீரல் ஆகியவற்றுக்கான நான்கு கிளைகள் அங்கேதான் பிரிகின்றன. சாதாரணக் குழாயை வைத்தால் நான்கும் அடைபடும். ஆகவே அந்தந்தக் கிளைக்கு நேராகக் குழாயில் துளையிட வேண்டும். கிளைகள் பிரியும் உயரமும் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும். சி.டி. படத்தில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, கடிகார முள்ளின் நிலையைப் போலத் திசை குறித்துக் கொடுத்தால், அந்த நோயாளிக்கென்றே குழாய் தயாராகி வரும்.

எனவே இதற்கான ஓராண்டுப் பயிற்சியின் கணிசமான பகுதி கணினித் திரை முன்னால் கழிகிறது. அளவு பிசகினால் அறுவை அரங்கில் எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது. அரங்கிலோ, குழாயைப் பாதி மட்டும் விரித்து, மெல்லத் திருப்பி, துளையைக் கிளைவாய்க்கு நேரே கொண்டுவர வேண்டும். பிறகு அந்தத் துளை வழியே கம்பியை நுழைத்து, சிறிய ஸ்டென்டால் குழாயையும் கிளையையும் இணைக்க வேண்டும். இதை நான்கு முறை செய்தாக வேண்டும்.

தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் மெல்லிய கிளைகளும் மகாதமனியிலிருந்தே வருகின்றன. நீண்ட பகுதியை ஒரே மூச்சில் மூடினால் கால்கள் செயலிழக்கலாம். அதனால் பாதி வேலையை இன்று முடித்து, மீதியைச் சில வாரங்கள் கழித்துச் செய்வதுண்டு. 'இன்றைக்கு இவ்வளவு போதும்' என்று கையை எடுக்கத் தெரிவதே இந்த ஓராண்டின் அரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. எளிய வீக்கங்களெல்லாம் குழாய்க்குப் போய்விட்டதால், இளம் மருத்துவர்களுக்கு மகாதமனியைத் திறந்து தைக்கும் வாய்ப்பு குறைந்துவருகிறது. ரத்தநாளங்களை இணைக்கும் முறையை 1902-இல் வெளியிட்ட அலெக்சிஸ் காரெல், நுண்ணிய தையலை லியோன் நகரப் பூத்தையல்காரப் பெண் ஒருவரிடம் பழகினார். 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தத் தையல் பழையதாகிவிடவில்லை. வைத்த குழாயில் கிருமி தொற்றிவிட்டால், வயிற்றைத் திறந்து அதை முழுவதுமாக எடுத்துவிட்டுப் புதிய பாதை தைப்பதே பெரும்பாலும் உறுதியான வழி. திறந்த அறுவை மிகுதியாக நடக்கும் மையங்களைத் தேடிச் சில இளைஞர்கள் பயிற்சிக்குப் போவது இதற்காகத்தான். அங்கே அவர்கள் கம்பியை வைத்துவிட்டு ஊசியை எடுக்கிறார்கள்.