கேட்பாரற்றுக் கிடக்கும் 'பிரான்ச்'கள்: கண்டுபிடிப்பது எப்படி? அழிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சீமைக் கருவேலம் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மேலே தெரிகிற கிளையை மட்டும் வெட்டினால், அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்த்து நிற்கும். தூரோடு தோண்டி எடுத்தால்தான் நிலம் கைக்கு வரும்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. அங்கேயும் அதன் பெயர் கிளைதான். ஆங்கிலத்தில் 'பிரான்ச்'. ஜவுளிப் பூங்காவுக்குத் தேர்வான விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் இருந்து படித்து ஐடி வேலைக்குப் போகும் இளைஞர்கள், சேர்ந்த புதிதிலேயே இதைப் பார்த்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான பழைய பிரான்ச்கள் வரிசையாகக் கிடக்கும். "யாரோட வேலையோ, நமக்கு எதுக்கு வம்பு" என்று எல்லோரும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதை எப்படிச் சுத்தம் செய்வது?

பிரான்ச் என்றால் என்ன?

ஒரே மென்பொருளில் பலர் வேலை செய்யும்போது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இதை எழுதினார். மாற்றங்களின் வரலாறு முழுவதும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு 'ரெப்போ' என்று பெயர். சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு 'கமிட்'.

புது வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், மெயின் பிரான்ச்சில் நேரடியாகக் கை வைக்காமல் தனியாக ஒரு பிரான்ச் போட்டு வேலை செய்வார்கள். முடிந்ததும் மெயினில் சேர்ப்பார்கள். இதுதான் 'மெர்ஜ்'. அதோடு அந்த பிரான்ச்சின் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அதை அழிக்கத்தான் மறந்துபோகிறார்கள்.

இருந்தால் என்ன நஷ்டம்?

இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது. பிரான்ச் என்பது குறிப்பிட்ட ஒரு கமிட்டைக் காட்டும் பெயர்ப்பலகை மட்டுமே. வீணாவது மனிதர்களின் நேரம்தான். எது நடப்பில் உள்ள வேலை, எது கைவிட்ட வேலை என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. பழைய பிரான்ச்சில் இருந்து தெரியாமல் வேலையைத் தொடங்கினால், எப்போதோ சரிசெய்த பிழை திரும்பவும் உள்ளே வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட்ஹப் தளத்தில் இது எளிது. ரெப்போவின் பிரான்ச் பக்கத்தில் 'ஸ்டேல்' என்று ஒரு பிரிவு இருக்கும். 3 மாதமாக யாரும் கமிட் செய்யாத பிரான்ச்கள் அதில் வரும். கட்டளை மூலம் பார்ப்பவர்கள் 'கிட் பிரான்ச்' கட்டளையோடு 'மெர்ஜ்டு' என்ற தேர்வைச் சேர்த்தால், மெயினில் ஏற்கெனவே கலந்துவிட்ட பிரான்ச்களின் பட்டியல் கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல கமிட்களை ஒன்றாகச் சுருக்கிச் சேர்ப்பதை 'ஸ்குவாஷ் மெர்ஜ்' என்பார்கள். அப்படிச் சேர்த்த பிரான்ச் இந்தப் பட்டியலில் வராது. மெயினில் இருப்பது புது கமிட் என்பதால், பழையது இன்னும் சேரவில்லை என்றே கிட் நினைத்துக்கொள்ளும். அதனால் அந்த பிரான்ச்சுக்கான 'புல் ரிக்வெஸ்ட்' முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

அழிக்கும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. கடைசியாக கமிட் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழையது என்பதாலேயே அது வேண்டாதது ஆகிவிடாது. பாதியில் நிற்கும் ஒருவரின் பல வார உழைப்பு அதில் இருக்கலாம்.

2. முடியாத புல் ரிக்வெஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்ச்சை அழித்தால் கிட்ஹப்பில் அந்த ரிக்வெஸ்ட்டும் மூடிவிடும்.

3. பழைய பதிப்புகளுக்கான பிரான்ச்களைத் தொடாதீர்கள். பல மாதம் அசையாமல் இருந்தாலும், பாதுகாப்புக் கோளாறு வந்தால் அதில்தான் திருத்த வேண்டியிருக்கும்.

4. சந்தேகம் இருந்தால் அந்த கமிட்டுக்கு ஒரு 'டேக்' போட்டு, அதை சர்வருக்கும் அனுப்பிவிட்டு பிரான்ச்சை அழியுங்கள். பட்டியலும் சுத்தமாகும், வேலையும் தொலையாது.

அழித்தும் திரும்ப முளைப்பது ஏன்?

கருவேலத்தின் தூர் கதை இங்கேதான் வருகிறது. சர்வரில் அழித்தாலும், மற்றவர்களின் லேப்டாப்பில் அந்த பிரான்ச்சின் நகல் அப்படியே இருக்கும். அவர்களில் ஒருவர் அதை மறுபடி 'புஷ்' செய்தால், பிரான்ச் திரும்ப சர்வருக்கு வந்துவிடும். அதனால் குழுவில் எல்லோரும் 'கிட் ஃபெட்ச்' கட்டளையை 'ப்ரூன்' தேர்வோடு ஓட்ட வேண்டும். சர்வரில் இல்லாத பிரான்ச்களின் தடம் இதில் நீங்கும். ஆனால் அவரவர் லேப்டாப்பில் உள்ள சொந்த நகலை அவரவர்தான் அழிக்க வேண்டும்.

அப்போது சிறிய எழுத்து 'டி' போட்டு அழிப்பது நல்லது. மெர்ஜ் ஆகாத வேலை இருந்தால் கிட் மறுத்துவிடும். பெரிய எழுத்து 'டி' போட்டால் கேள்வியே கேட்காமல் அழித்துவிடும்.

பழைய நகல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2013 நவம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. ஜென்கின்ஸ் என்ற பிரபல மென்பொருள் திட்டத்தில், ஒருவரின் கணினியில் இருந்த பழைய நிலை தவறுதலாக 'ஃபோர்ஸ் புஷ்' ஆகி, 186 ரெப்போக்களின் பிரான்ச்கள் பின்னோக்கிப் போயின. பிறகு கிட்ஹப் உதவியோடு அவை மீட்கப்பட்டன.

தவறாக அழித்துவிட்டால்?

பதற வேண்டாம். பெயர்ப்பலகை போனாலும் கமிட் உடனே போகாது. அழிக்கும்போது கிட் அந்த கமிட்டின் எண்ணைத் திரையில் காட்டும். அதைக் குறித்து வைத்திருந்தால் ஒரே கட்டளையில் பிரான்ச்சை மீட்கலாம். குறித்து வைக்கவில்லையா? அந்த லேப்டாப்பில் அந்த பிரான்ச்சில் வேலை செய்திருந்தால் 'ரீஃப்ளாக்' பதிவில் எண் கிடைக்கும். இப்படி அறுந்துபோன கமிட்களின் பதிவை கிட் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். கிட்ஹப்பில் முடிந்த புல் ரிக்வெஸ்ட் பக்கத்திலேயே மீட்கும் பொத்தானும் உண்டு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பழைய பிரான்ச் ஒன்றில் பாஸ்வேர்டு இருப்பது தெரிந்து, அதை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. கமிட் மிச்சம் இருக்கும், மற்றவர்களிடம் நகலும் இருக்கும். முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுவதுதான் பாதுகாப்பு.

மறுபடி சேராமல் இருக்க?

மெர்ஜ் ஆனதும் பிரான்ச் தானாக நீங்கும் வசதி கிட்ஹப் செட்டிங்ஸில் உள்ளது. அதை இயக்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு, 3 மாதத்துக்கு ஒரு முறை குழுவாக உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் போதும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, "இது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்க ஆள் இருக்காது.