ஏலமலைக்கு நீலத் திரை

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் ஒருபுறம் இருக்க, ஏலக்காயை நேரடியாக விற்க நினைக்கும் சிறு விவசாயிக்கும் வியாபாரிக்கும் இன்று ஒரு நல்ல வீடியோ தேவைப்படுகிறது. கடைக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்துவிட்டு, பின்னால் கட்டிய பச்சைத் துணிக்குப் பதிலாக மலைச்சரிவைப் பொருத்திக்கொள்ளும் குரோமா கீ உத்தி இப்போது கைபேசிச் செயலிகளிலேயே இருக்கிறது. துணியை வீட்டிலேயே தயாரித்துவிடலாம். ஆனால் இந்த ஊருக்குப் பச்சை ஆகாது, நீலம்தான் ஆகும் என்பது என் கட்சி.

காரணம் அந்த உத்தி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மென்பொருள் பார்க்கிறது. பச்சை மற்ற இரண்டையும் விஞ்சுகிற இடங்களை அழித்து, அங்கே பின்னணிக் காட்சியை வைக்கிறது. இது துணி, இது காய் என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. பக்குவமாக உலர்த்திய எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துப் பச்சைத் திரைமுன் நீட்டினால், காயின் வயிறு பாதி கரைந்து அதற்குள் மலை தெரியும். அழிக்கும் அளவைக் குறைத்தால் காய் தப்பும்; துணியின் மிச்சம் ஓரமெல்லாம் பச்சைக் கோடாக நிற்கும். அதைப் போக்க, படிந்த பச்சைச் சாயலை நீக்கும் வசதியை இயக்கினால் வினையே வேறு. அது காயின் பச்சையையும் சேர்த்து உறிஞ்சிவிட, புதுக்காய் பழைய சரக்குபோல வெளுத்துத் தெரியும். நிறத்தைப் பார்த்தே விலை பேசப்படும் பொருளுக்கு இதைவிடக் கேடு வேண்டியதில்லை. மிளகுக்கொடி, காப்பிச்செடி, ஏல இலை எதைக் காட்டினாலும் இதே கதைதான்.

சினிமாக்காரர்கள் பச்சைத்திரைதானே கட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அவர்களும் எதிரே நிற்பது எதுவென்று பார்த்துத்தான் கட்டுகிறார்கள். 2002இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் சிவப்பும் நீலமும் உடுத்திய நாயகனைப் பச்சைத் திரைமுன்னும், பச்சைக் கவசம் பூண்ட வில்லனை நீலத் திரைமுன்னும் நிறுத்திப் படமாக்கினார்கள். ஃபிலிம் காலத்தில் நீலத்துக்கே முதலிடம். மைசூர்ப் பக்கத்துச் சிறுவன் சாபு நடித்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்துக்காக 1940இல் லாரி பட்லர் கையாண்டது நீலத் திரை. அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகள் ஆஸ்கரும் வென்றன. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பச்சை மேலேறியது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், உணரிப் புள்ளிகளில் பாதி பச்சைக்கு, கால்பங்கு சிவப்புக்கு, கால்பங்கு நீலத்துக்கு. ஆகவே பச்சை தெளிவாகப் பதிகிறது, குறைந்த வெளிச்சமே போதும். நீலத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மையான குறைதான். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டலாம், ஏலக்காயின் நிறத்தை மாற்ற முடியாது. பேசுபவர் நீலச் சட்டையைத் தவிர்த்தால் போதும். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. சாக்கு, மண், காய் எதிலும் நீலம் விஞ்சி நிற்பதில்லை.

துணிக்கடையில் ‘ராயல் ப்ளூ’ என்று கேட்டு, பளபளப்பில்லாத பருத்தி பாப்ளின் வாங்குங்கள். சாட்டின் வேண்டாம். தோட்டத்தில் கிடக்கிற நீலத் தார்ப்பாய் ஆசை காட்டும். அது மினுங்கும், ஒவ்வொரு மடிப்பும் வெள்ளைக் கோடாக விழும். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த பழைய சுவரும் உதவாது, நிறம் அத்தனை வெளிறியது. இரண்டு அகலத்தை இணைத்துத் தைத்தால் தையல் தலைக்குப் பின்னால் வராதபடி பார்த்து, இஸ்திரி போட்டு, கீழ்விளிம்பில் ஒரு கழியைச் செருகி இழுத்துக் கட்டுங்கள். காயை மட்டும் காட்டுவதானால் துணியே வேண்டாம்: நீலச் சார்ட் அட்டையைச் சுவரிலிருந்து மேசைவரை மூலை விழாமல் வளைத்து ஒட்டினால் போதும். துணிக்கென்று இருபுறமும் ஒவ்வொரு வெள்ளை எல்இடி டியூப்லைட். அந்த ஒளியில் நீலம் தாராளம். மஞ்சள் பல்பு அதைக் கொன்றுவிடும். பேசுபவர் துணியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்தால் நிழலும் விழாது, நீலச் சாயலும் படியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படம் சிமிட்டாது. விலையுயர்ந்த திரையைவிட இந்தச் சீரான வெளிச்சமே பெரிது.

துணியே இல்லாமல் பின்னணியை நீக்கச் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. முகம் மட்டும் பேசும் வீடியோவுக்கு அது போதும். ஆனால் அது ஓரங்களை ஊகிக்கிறது. முறத்திலிருந்து காய் உதிரும்போதும், விரலிடுக்கில் ஒரு காய் உருளும்போதும் ஊகம் தவறி, காய்கள் மறைந்து மறைந்து தோன்றும். நிறத்தை வைத்துப் பிரிக்கும்போது அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு. நேரே போடிமெட்டுக்கு ஏறிப் படம் எடுத்தாலென்ன என்பாரும் உண்டு. எடுக்கலாம், ஆனால் மழையும் மூடுபனியும் காற்றும் விற்பனை நாளைப் பார்த்து வருவதில்லை. மலையை ஒரு நல்ல நாளில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பேச்சைக் கடையில் எடுப்பதே சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பின்னணியில் வைக்கும் தோட்டம் அந்தக் காய் விளைந்த தோட்டமாகவே இருக்கட்டும். அடுத்தவர் எஸ்டேட்டைக் காட்டி உங்கள் காயை விற்காதீர்கள்.