குட்டி ஜப்பான், அண்டம், பிண்டம்... சின்ன உலகத்துக்கு தமிழில் இத்தனை பெயரா? வேங்கிக்காலை வைத்து ஒரு விளக்கம்

திங்கட்கிழமை காலையானால் திருவண்ணாமலை வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு மக்கள் வருவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, ஊருக்கு ரோடு என ஆளுக்கொரு கோரிக்கை. அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். சென்னை கோட்டையில் இருக்கும் துறைகளில் பலவற்றின் மாவட்ட அதிகாரிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். மாநில அரசே சுருங்கி ஒரு வளாகத்துக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி!

இப்படி பெரிய ஒன்றின் அமைப்பை அப்படியே காட்டும் சின்ன உலகத்தை ஆங்கிலத்தில் ‘மைக்ரோகாசம்’ என்கிறார்கள். கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் இதற்கு புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். அண்டம், பிண்டம் என்ற ஜோடி ஏற்கெனவே இருக்கிறது.

அண்டம் சரி, பிண்டம் என்றால்?

இரண்டுமே வடமொழியில் இருந்து வந்தவை. அண்டம் என்றால் முட்டை. பிரபஞ்சத்தை ஒரு பெரிய முட்டையாகப் பார்த்ததால் அதற்கும் அதே பெயர். பிண்டம் என்றால் உருண்டை. திதி கொடுக்கும்போது பிடித்து வைக்கிறோமே, அந்தச் சோற்று உருண்டையும் பிண்டம்தான். நம் உடம்பும் பிண்டம்தான். வெளியே இருக்கும் ஐம்பூதங்களே உடம்புக்குள்ளும் இருக்கின்றன என்பது சித்தர்கள் பார்வை. சித்த மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே.

சிதம்பரம் கோயிலில் இதைக் கட்டடமாகவே காட்டுவார்கள். பொற்கூரையில் உள்ள ஓடுகள் 21,600 என்பது மரபுக் கணக்கு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்து ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். அங்கே பேரம்பலமும் உண்டு, சிற்றம்பலமும் உண்டு. நடராஜர் ஆடுவது சிற்றம்பலத்தில், அதாவது சின்ன சபையில்!

அப்போ ‘குட்டி ஜப்பான்’?

சிவகாசியை குட்டி ஜப்பான் என்கிறோம், நெய்வேலியை மினி இந்தியா என்கிறோம். இது வேறு வகை. சிவகாசியின் உழைப்பும் தொழிலும் ஜப்பானை நினைவுபடுத்தின, அவ்வளவுதான். ஜப்பானில் இருப்பதெல்லாம் சிவகாசியில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அண்டம்-பிண்டத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. அங்கே உள்ள ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு இணை வேண்டும்.

அதற்கு நல்ல உதாரணம் கிரிவலப் பாதை. சுமார் 14 கிலோமீட்டர் சுற்றில் இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம். மலையைச் சுற்றி முடித்தால் எட்டுத் திசையையும் சுற்றி முடித்த கணக்கு. ஒன்று குறைந்தாலும் அந்த உலகம் முழுசாகாது. (குபேர லிங்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்காதீர்கள்.)

வேங்கிக்கால் மாவட்டத்தைக் காட்டுமா?

சிக்கல் இங்கேதான். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு. ஆனால் இந்த மாவட்டத்தில் ஆரணியில் பட்டுத் தறி ஓடுகிறது, செய்யாறு சிப்காட்டில் ஷூ தயாராகிறது, ஜவ்வாது மலையில் மழையை நம்பி சாமை விளைகிறது. வேங்கிக்காலில் எல்லாத் துறைக்கும் ஆபீஸ் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ‘திருவண்ணாமலை மாவட்டம் இப்படித்தான்’ என்று எடை போட்டால், ஜமுனாமரத்தூர் கணக்கிலேயே வராது. அங்கிருந்து மனு கொடுக்க வருபவருக்கு திங்கட்கிழமை காலை என்பது மலையிறங்கி, பஸ் பிடித்து வரும் பயணம். நேரில் வர முடியாதவர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் கூப்பிட்டும் புகாரைப் பதிவு செய்யலாம்.