கண்கண்ட சாட்சியும் கொலை மேன்முறையீடும்

கொலையொன்றை நேரிற் கண்டவர் ஒருவரே. அவர் சொல்லொன்றையே கொண்டு எதிரிக்கு மரணதண்டனை விதித்தல் தகுமோ? பலர் கண்டாலன்றித் தகாது என்பது பொதுமக்கள் பலரின் எண்ணம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம், எந்நிகழ்வை நிரூபித்தற்கும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்னும் வரையறை இல்லையென 134ஆம் பிரிவில் விதிக்கின்றது. 2024 வரை நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டமும் அவ்வாறே விதித்திருந்தது. சான்று எண்ணப்படுவதன்று, நிறுக்கப்படுவது.

நிறுக்கும் முறையினை அறிதற்கு, 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த சென்னை மாநிலக் கொலை வழக்கொன்றை நோக்குவாம். கணவன் கொலையுண்டதைக் கண்ட மனைவியின் சாட்சியமே அவ்வழக்கிற்கு ஆதாரம். நீதிமன்றம் சாட்சிகளை மூவகையினராக வகுத்தது. முற்றும் நம்பத்தக்கவராயின் ஒருவர் சொல்லே அமையும். முற்றும் நம்பத்தகாதவராயின் அவர் சொல்லைத் தள்ளுதலே முறை. இவ்விரண்டிலும் அடங்காதாரிடத்தே பிற சான்றின் துணையை நாடல் வேண்டும். அம்மனைவியின் சொல்லை மன்றம் மெய்யென ஏற்றது. ஒரே சாட்சியாதலின் மரணதண்டனையையேனும் குறைத்தல் வேண்டுமென வாதிக்கப்பட்டது. குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது வேறு, தண்டனையைக் குறைத்தற்குக் காரணம் உண்டா என்பது வேறு எனக் கூறி மன்றம் அதனை மறுத்தது.

மேன்முறையீட்டு நீதிபதிகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சாட்சியின் முகத்தையும் குரலையும் விளக்க நீதிமன்றமே அறிந்தது. அவர்கள் முன் இருப்பதோ எழுத்துப் பதிவு மட்டுமே. ஆதலின் முதல் மன்றம் கொண்ட நம்பிக்கையை அவர்கள் எளிதில் மாற்றார். எனினும், சாட்சி முன்பின் முரண்பட்டாரா, மருத்துவர் கண்ட காயங்களோடு அவர் கூற்றுப் பொருந்துகின்றதா, கண்டதைக் காரணமின்றி நெடுநாள் மறைத்தாரா என்பவற்றை முதல் மன்றம் உரியவாறு ஆராய்ந்ததா என நோக்குவர்.

இவையெல்லாம் பெரும்பாலும் பொய்யைக் கண்டறியும் வழிகள். பொய் கூறாத சாட்சியும் தவறலாம் என்பதே இன்னும் அரிய சிக்கல். நம் தருக்க நூலார், கயிற்றைப் பாம்பெனக் காண்பதைத் திரிபுக்காட்சி என்பர். அவ்வாறு கண்டவன் பொய்யனல்லன். ஆயினும் அங்கே பாம்பு இல்லை. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்றம் 1976இல், கொலை வழக்கல்லாத ஒன்றில், இதற்கு வழி வகுத்தது. எதிரியை எவ்வளவு நேரம் கண்டார், எத்துணைத் தூரத்தில், எவ்வொளியில், இடையே மறைப்பு இருந்ததா, முன்பு அறிந்தவரா, முதலிற் கூறிய அடையாளம் எதிரிக்குப் பொருந்துகின்றதா என யூரிமார் ஆராய்தல் வேண்டும். உறுதியோடு பேசுஞ் சாட்சியும் தவறியிருத்தல் கூடுமென நீதிபதி அவர்களை எச்சரித்தலும் வேண்டும் என்பது அவ்விதி.

எனவே நீதிமன்றம் வினவுவன இரண்டு: கண்டவர் மெய்யரா? அவர் கண்டது மெய்யா? முதல் வினாவோடு நின்றுவிடின், நேர்மையாளர் ஒருவரின் சொல்லே நிரபராதி ஒருவனின் உயிரைப் போக்கிவிடலாம். போன உயிரை மீட்டற்கு மேன்முறையீடு இல்லை.