காரை வாடகைக்கு எடுக்கும் முன்னே...

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் வாடகைக் கார் கேட்கிறார்களா? பதுளையிலிருந்து பிபிலை, அம்பாறை வழியாக நீண்ட ஓட்டம்.

18 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். "லைசன்தான் இருக்கே" என்று உடனே சாவியை வாங்க வேண்டாம். முதலில் காப்புறுதிப் பத்திரத்தை வாசிப்போம். சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட காருக்குச் செல்லாமல் போகலாம். இளஞ்சாரதிக்குத் தனி நிபந்தனையும் இருக்கலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால், நாம் ஓட்டி உடைந்த காருக்கு ஒரு சதமும் வராது. சொந்தக்காரர் நம்மிடம்தான் கேட்பார். கொழுந்து பறித்த சம்பளம் அதிலேயே கரையும்.

ஆகவே ஓட்டுபவர் பெயர், வயது, பழைய கீறல்கள் எல்லாவற்றையும் கடதாசியில் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே புறப்படுவோம். பயணம் நலமாகட்டும்!